டேட்டா மாடலிலிருந்து டேபிளுக்கு: ஓர் ஏலச்சீட்டை வைத்து முழு வழிகாட்டி

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சீட்டு நிறுவனத்தின் கணக்கு மென்பொருளைச் சரிசெய்யும் வேலை எனக்கு வந்தது. டேட்டாபேஸைத் திறந்தால் உள்ளே சொல்லிக்கொள்ளும்படி ஒரே ஒரு டேபிள். அதன் பெயர் 'உறுப்பினர்'. பெயர், கைபேசி எண், முகவரி, குழு ஆகியவற்றுக்குப் பிறகு மாதம்1, மாதம்2 என்று மாதம்20 வரை இருபது நெடுவரிசைகள். பிரைமரி கீ, அதாவது ஒவ்வொரு வரியையும் தனித்து அடையாளம் காட்டும் நெடுவரிசை, கைபேசி எண்.

அந்தக் குழுவில் ஓர் அம்மா இரண்டு சீட்டு போட்டிருந்தார். ஒரே கைபேசி எண்ணை இரண்டு முறை பதிய டேபிள் விடவில்லை. அதனால் கவுண்டரில் இருந்தவர் கடைசி இலக்கத்தை மாற்றி ஒரு பொய் எண்ணைப் போட்டு இரண்டாவது சீட்டை ஏற்றியிருந்தார். ஏழாவது மாதம் அந்த அம்மா ஒரு சீட்டுக்கான பணத்தை இரண்டு தடவையாகக் கட்டினார்: முதலில் 2,500, பத்து நாள் கழித்து 1,500. இரண்டாவது தொகையைப் பதிந்தபோது முதல் தொகை அழிந்துபோனது. பாஸ்புக்கில் 4,000, கணினியில் 1,500. அடுத்து 25 மாதக் குழு ஒன்றைத் தொடங்கியபோது டேபிளில் இன்னும் ஐந்து நெடுவரிசைகள் சேர்க்க வேண்டியிருந்தது.

அந்த மென்பொருளைச் செய்தவர் நிரல் எழுதத் தெரியாதவர் இல்லை. நேராக டேபிளிலிருந்து தொடங்கிவிட்டார். அதற்கு முன் இருக்க வேண்டிய மாடல் எங்குமே இல்லை. மாடலில் தொடங்கி டேபிளுக்கு எப்படி வந்து சேர்வது என்பதை அதே ஏலச்சீட்டை வைத்து இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

முதலில், எது மாடல், எது டேபிள்?

தொழிலில் என்னென்ன இருக்கின்றன, அவை ஒன்றோடொன்று எப்படிச் சேர்கின்றன, எது நடக்கலாம், எது நடக்கவே கூடாது என்ற புரிதலின் வடிவம்தான் டேட்டா மாடல். அதை மூன்று நிலையில் பேசுவது வழக்கம். கருத்து நிலையில் ஆள், குழு, சீட்டு போன்ற பொருள்களும் அவற்றின் உறவுகளும் மட்டும் இருக்கும். கணினியைப் பற்றிய பேச்சே இருக்காது. தர்க்க நிலையில் அவை டேபிள், நெடுவரிசை, கீ, கட்டுப்பாடு என்று உருவெடுக்கும். பௌதிக நிலையில் எந்த டேட்டாபேஸ் மென்பொருள் (போஸ்ட்கிரெஸ்ஸா மைஎஸ்கியூஎல்லா), எந்த டேட்டா டைப் (எண்ணா, எழுத்தா, தேதியா), எங்கே இண்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் குறிப்பு) என்பதெல்லாம் வரும்.

ஜாங்கோ, லாராவெல் போன்ற நிரல் கட்டமைப்புகளில் பழகியவர்களுக்கு இங்கே ஒரு குழப்பம் இயல்பாக வரும். அங்கே 'மாடல்' என்று ஒரு கிளாஸ் எழுதினால் பொதுவாக அது ஒரு டேபிளாகிறது. அதனால் மாடலும் டேபிளும் ஒன்றே என்று மனதில் பதிந்துவிடுகிறது. கருத்து நிலையில் ஒன்றாக இருக்கும் பொருள் மூன்று டேபிளாகப் பிரியலாம். ஒரு உறவு தனி டேபிளாக வரலாம், வெறும் ஒரு நெடுவரிசையாகவும் அடங்கலாம்.

இன்னொரு பரவலான தவறான எண்ணம்: டேபிள்களுக்கு இடையே 'ரிலேஷன்' போடுவதால்தான் இதற்கு ரிலேஷனல் என்று பெயர் என்பது. 1970-இல் ஐபிஎம்மின் சான் ஹொசே ஆய்வகத்தில் இருந்த எட்கர் எஃப். காட் தன் கட்டுரையில் இந்தச் சொல்லைக் கணிதத்திலிருந்து எடுத்தார். கணிதத்தில் 'ரிலேஷன்' என்பது மதிப்பு வரிசைகளின் கணம் ஒன்றைக் குறிக்கும். அதாவது டேபிளே ஒரு ரிலேஷன். அதற்கு முன் ஐபிஎம்மின் ஐஎம்எஸ் போன்ற டேட்டாபேஸ் மென்பொருள்கள் தரவை மர அமைப்பில் வைத்தன. எந்தக் கிளை வழியாக எந்தத் தரவை அடைவது என்பது நிரலுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அமைப்பு மாறினால் நிரல் உடையும். அந்தக் கட்டிலிருந்து நிரலை விடுவிப்பதே எட்கர் காட்டின் நோக்கம். அவருடைய மாடலில் ஒரு வரியை இன்னொரு வரியோடு சேர்ப்பது அவற்றில் உள்ள மதிப்புகள் மட்டுமே. இன்னொரு டேபிளின் வரியைச் சுட்டும் ஃபாரின் கீ என்பதும் ஒரு மதிப்புதான். கருத்து நிலையில் வரையும் பொருள்-உறவுப் படத்தை 1976-இல் பீட்டர் சென் முன்வைத்தார். நாம் இன்று செய்வது பெரும்பாலும் பீட்டர் சென்னின் படத்தை வரைந்து, அதை எட்கர் காட்டின் டேபிளாக மாற்றுவது.

இதில் நான் மிகவும் பற்றிக்கொண்டிருக்கும் கருத்து ஒன்று உண்டு. டேபிளின் தலைப்பு என்பது இடைவெளிகள் விட்ட ஒரு வாக்கியம். ஒவ்வொரு வரியும் அந்த இடைவெளிகளை நிரப்பிய ஓர் உண்மைக் கூற்று. அந்த வாக்கியத்தை உங்களால் தமிழில் சொல்ல முடியவில்லை என்றால் அந்த டேபிளை உருவாக்க நேரம் வரவில்லை. 'உறுப்பினர்' டேபிளுக்கு வாக்கியம் சொல்லிப் பாருங்கள்: "இந்தக் கைபேசி எண்ணுக்கு உரியவர் இந்தக் குழுவில் முதல் மாதம் இவ்வளவு கட்டினார், இரண்டாம் மாதம் இவ்வளவு கட்டினார்…" இருபது வாக்கியங்களை ஒன்றாகத் திணித்திருப்பது அப்போதே தெரிந்துவிடும்.

படி 1: தொழிலை வாக்கியங்களாக எழுதுங்கள்

கணினியை மூடிவிட்டு, கவுண்டரில் உட்கார்ந்திருப்பவரிடம் கேட்டு எழுதுங்கள். எனக்குக் கிடைத்தவை இவை:

"ஒரு குழுவில் 20 சீட்டு. மாதத் தவணை 5,000. சீட்டுத் தொகை ஒரு லட்சம். மாதம் ஒருமுறை ஏலம். அதிகம் தள்ளிக் கேட்பவருக்குச் சீட்டு. ஒருமுறை எடுத்த சீட்டு மறுபடி எடுக்க முடியாது. ஒருவரே இரண்டு மூன்று சீட்டு போடலாம். கட்ட முடியாமல் போனால் அந்தச் சீட்டுக்கு வேறு ஆளைச் சேர்ப்போம்."

கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுங்கள். ஆறாவது ஏலத்தில் ஒருவர் 25,000 தள்ளிக் கேட்டார் என்றால் அவர் கைக்கு 75,000. தள்ளிய 25,000-இலிருந்து நடத்துநர் கமிஷன் போகும்: சீட்டுத் தொகையில் 5 விழுக்காடு, அதாவது 5,000. மீதி 20,000 இருபது சீட்டுக்கும் டிவிடெண்ட், சீட்டுக்கு 1,000. இந்த நிறுவனத்தில் அதை அடுத்த தவணையில் கழித்துக்கொள்வார்கள். எனவே ஏழாவது தவணைக்குக் கட்ட வேண்டியது 4,000. எண்களை ஓட்டிப் பார்க்காமல் வரைந்த மாடலை நான் நம்புவதில்லை.

படி 2: ஒரே சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் பல பொருள்களைப் பிரியுங்கள்

மொத்த வேலையில் அதிக நேரம் கொடுக்க வேண்டிய படி இது. மேலே 'சீட்டு' என்ற சொல் எத்தனை பொருளில் வருகிறது என்று பாருங்கள். "புதுச் சீட்டு தொடங்கியிருக்கோம்" என்றால் குழு. "எனக்கு ரெண்டு சீட்டு" என்றால் குழுவுக்குள் 1 முதல் 20 வரை இருக்கும் சீட்டு எண்கள், அதாவது இலக்கங்கள். "சீட்டு எடுத்துட்டார்" என்றால் ஒரு நிகழ்வு. "சீட்டு கட்டணும்" என்றால் தவணைப் பணம். பேசுபவர்களுக்கு இதில் எந்தச் சிக்கலும் இல்லை, இடம் பார்த்துப் புரிந்துகொள்கிறார்கள். டேட்டாபேஸுக்கு அந்தத் திறமை கிடையாது.

பொருள்களைப் பிரிக்க ஒரு கேள்வி போதும்: இதில் ஒன்று மாறாமல் மற்றொன்று மாறுமா? ஆள் மாறி, சீட்டு அப்படியே தொடரலாம். எனவே ஆள் வேறு, சீட்டு வேறு. ஒரே ஆளுக்கு இரண்டு சீட்டு இருக்கலாம், மறுபடியும் வேறு. பழைய டேபிளின் எல்லாச் சிக்கலுக்கும் வேர் இங்கேதான் இருந்தது. அது ஆளையும் சீட்டையும் ஒன்றாகப் பார்த்தது. இனி 'சீட்டு' என்றால் குழுவுக்குள் இருக்கும் ஓர் இலக்கம் என்று வைத்துக்கொள்வோம். எடுக்கும் நிகழ்வுக்கு 'எடுப்பு' என்று பெயர் கொடுக்கிறேன்.

படி 3: உறவுகளையும் எண்ணிக்கையையும் குறியுங்கள்

ஒரு குழுவுக்குப் பல சீட்டு. ஒரு சீட்டு ஒரே குழுவுக்குத்தான். ஒரு குழுவுக்குப் பல தவணை. ஒரு தவணைக்கு ஒரு எடுப்பு. ஒரு சீட்டுக்கு அதிகபட்சம் ஒரு எடுப்பு. இவற்றில் பெரிய சர்ச்சை இல்லை.

ரசீதுக்கு வரும்போது நின்று யோசிக்க வேண்டும். அந்த அம்மா ஒரே ரசீதில் இரண்டு சீட்டுக்கும் கட்டலாம். ஒரே தவணையை இரண்டு ரசீதில் பிரித்தும் கட்டலாம். ஆக, ஒரு ரசீது பல தவணைகளைத் தொடும், ஒரு தவணையைப் பல ரசீது தொடும். இதுதான் பலவற்றுக்குப் பல என்ற உறவு. இந்த உறவுக்கே ஒரு தகவல் உண்டு: இந்த ரசீதில் எவ்வளவு தொகை இந்தச் சீட்டின் இந்தத் தவணைக்குப் போனது என்பது. தனக்கென ஒரு தகவலை வைத்திருக்கும் உறவு, டேபிளாகும்போது தனி இடம் கேட்கும்.

படி 4: மாடலை டேபிளாக மாற்றுங்கள்

விதிகள் சுருக்கமானவை. ஒவ்வொரு பொருளும் ஒரு டேபிள். ஒன்றுக்குப் பல என்றால், 'பல' இருக்கும் பக்கத்தில் ஃபாரின் கீ. பலவற்றுக்குப் பல என்றால், நடுவே ஒரு டேபிள். ஒன்றுக்கு ஒன்று என்றால் சேர்க்கலாம், பிரிக்கலாம். அதைச் சூழலைப் பார்த்து முடிவுசெய்ய வேண்டும். நம் எட்டு டேபிள்களும் வாக்கியங்களாக இதோ:

ஆள்: "___ எண் வாடிக்கையாளரின் பெயர் ___, கைபேசி ___, முகவரி ___."

குழு: "___ எண் குழுவில் ___ சீட்டுகள், மாதத் தவணை ___, கமிஷன் ___ விழுக்காடு."

சீட்டு: "___ எண் குழுவில் ___ இலக்கச் சீட்டு உண்டு."

உரிமை: "___ குழுவின் ___ சீட்டு, ___-ஆம் தவணையிலிருந்து ___ எண் வாடிக்கையாளருடையது."

தவணை: "___ குழுவின் ___-ஆம் தவணை ___ தேதியில்."

எடுப்பு: "___ குழுவின் ___-ஆம் தவணையில் ___ இலக்கச் சீட்டு ___ தள்ளி எடுக்கப்பட்டது, சீட்டுக்கு ___ டிவிடெண்ட்."

ரசீது: "___ எண் ரசீதில் ___ தேதியில் ___ எண் வாடிக்கையாளர் ___ ரூபாய் கட்டினார்."

ஒதுக்கீடு: "___ ரசீதில் ___ ரூபாய், ___ குழுவின் ___ சீட்டுக்கான ___-ஆம் தவணைக்குச் சேர்ந்தது."

தவணையும் எடுப்பும் ஒன்றுக்கு ஒன்றுதானே, ஏன் இரண்டு டேபிள் என்று கேட்கலாம். குழு தொடங்கும் நாளிலேயே இருபது தவணைத் தேதிகளும் தெரியும். எடுப்பு பின்னால்தான் நடக்கும். ஒன்றாக வைத்தால் நடக்காத ஏலங்களுக்கெல்லாம் 'நல்' (null) என்ற வெற்று மதிப்புகள் நிறையும். ஒரு நல், "இன்னும் ஏலம் நடக்கவில்லை" என்று சொல்கிறதா, "நடந்தது, பதிய மறந்தார்கள்" என்று சொல்கிறதா என்பது பிறகு யாருக்கும் தெரியாது. நடக்காத ஏலத்துக்கு எடுப்பில் வரியே இல்லை என்பது தெளிவான பதில்.

உரிமையில் தொடக்கத் தவணையை மட்டும் வைத்ததற்கும் காரணம் உண்டு. முடிவுத் தவணையையும் வைத்தால், ஒருவர் 9-இல் முடிந்து அடுத்தவர் 11-இல் தொடங்கும் பிழை நுழையலாம். பத்தாம் தவணைக்கு யாருமே உரியவர் இல்லை. அடுத்தவர் தொடங்கும்போது முந்தையவர் முடிகிறார் என்று விட்டால் இடைவெளியும் வராது, ஒன்றன்மேல் ஒன்று படிவதும் வராது.

படி 5: கீயைத் தேர்ந்தெடுங்கள்

ஆளுக்குக் கைபேசி எண் கீ ஆகாது. எண் மாறும், ஒரே எண்ணை வீட்டில் இருவர் வைத்திருப்பார்கள். அர்த்தமில்லாத ஓர் ஓட்ட எண்ணே (1, 2, 3 என்று ஓடும் ஐடி) நல்லது. ஆனால் 'எல்லா டேபிளுக்கும் ஐடி' என்று கண்ணை மூடிக்கொண்டு போடுவதை நான் ஏற்பதில்லை. காரணம் இதோ.

சீட்டுக்கும் தனி ஐடி கொடுத்தோம் என்று வையுங்கள். எடுப்பு டேபிளில் குழு ஐடியும் சீட்டு ஐடியும் இருக்கும். இரண்டுக்கும் தனித்தனியே ஃபாரின் கீ. இப்போது 12-ஆம் குழுவின் ஆறாவது தவணையை 15-ஆம் குழுவின் சீட்டு எடுத்தது என்று ஒரு வரி ஏற்றுங்கள். டேட்டாபேஸ் எதுவும் சொல்லாமல் ஏற்றுக்கொள்ளும்! குழு இருக்கிறது, சீட்டும் இருக்கிறது; இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்று அதை யாரும் பார்க்கச் சொல்லவில்லை.

சீட்டின் பிரைமரி கீயைக் குழு எண், இலக்கம் இரண்டும் சேர்ந்த கூட்டு கீயாக வையுங்கள். தவணைக்குக் குழு எண், தவணை எண். எடுப்பில் குழு எண் ஒரே நெடுவரிசைதான். அதே நெடுவரிசை தவணையைச் சுட்டும் ஃபாரின் கீயிலும், சீட்டைச் சுட்டும் ஃபாரின் கீயிலும் பங்கு பெறுகிறது. வேறு குழுவின் சீட்டை ஏற்ற வழியே இல்லை. ஒதுக்கீட்டுக்கும் இதே காப்பு கிடைக்கிறது. மாடலில் "அதே குழுவின்" என்று சொன்ன ஒரு சொல், டேபிளில் ஒரு பகிர்ந்த நெடுவரிசையாக வந்து உட்கார்ந்துவிட்டது.

சில கருவிகள் இதற்கு ஒத்துழைக்காது. ஜாங்கோவில் கூட்டு பிரைமரி கீ 2025-இல் வந்த 5.2 பதிப்பில்தான் சேர்ந்தது. அப்படிப்பட்ட இடத்தில் ஓட்ட எண் ஐடியை வைத்துக்கொண்டே, குழு எண்-இலக்கம் இரண்டுக்கும் யூனிக் கட்டுப்பாடு (ஒரே மதிப்பு இரண்டு முறை வரக் கூடாது என்ற விதி) போட்டு, கூட்டு ஃபாரின் கீயை, டேபிள் அமைப்பை மாற்றும் மைக்ரேஷனில் நேராக எஸ்கியூஎல் எழுதிச் சேர்த்துவிடலாம்.

படி 6: ஒவ்வொரு தகவலும் எதைச் சார்ந்தது என்று கேளுங்கள்

நார்மலைசேஷன் என்று பாடப்புத்தகத்தில் படிப்பது நடைமுறையில் இந்தக் கேள்விதான். கமிஷன் விழுக்காட்டை எடுத்துக்கொள்வோம். பழைய மென்பொருளில் அது நிறுவனம் முழுவதற்கும் ஒரே எண்ணாக அமைப்புகள் பக்கத்தில் இருந்தது. 1982-ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டத்தில் நடத்துநர் கமிஷனுக்கு 5 விழுக்காடு உச்சவரம்பு. 2019 திருத்தம் அதை 7 ஆக்கியது. புதிய குழுக்களுக்கு 7 என்று மாற்றினால், 5 விழுக்காட்டு ஒப்பந்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும் பழைய குழுக்களின் கணக்கும் சேர்ந்து மாறிவிடும். கமிஷன் எதைச் சார்ந்தது? ஒப்பந்தத்தை, அதாவது குழுவை. எனவே அதன் இடம் குழு டேபிள்.

டிவிடெண்ட் இன்னும் நுட்பமானது. தள்ளிய தொகை, கமிஷன், சீட்டு எண்ணிக்கை மூன்றும் தெரிந்தால் அதைக் கணக்கிட்டுவிடலாம். சேமிப்பது தேவையற்ற நகல் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் தொகை சமமாக வகுபடாத மாதத்தில் நிறுவனம் ஒரு முழு ரூபாய்க்கு வட்டமிட்டு அறிவிக்கிறது, பாஸ்புக்கில் எழுதுகிறது. அறிவித்த எண்ணைக் கழித்துத்தான் எல்லோரும் கட்டினார்கள். அந்த நொடியில் அது கணக்கின் விடை என்ற நிலையைத் தாண்டி, நடந்த ஒரு செய்தியாகிறது. அதனால்தான் எடுப்பில் அதற்கு இடம் கொடுத்தேன். நிலுவை அப்படியில்லை. கட்ட வேண்டியதிலிருந்து ஒதுக்கீடுகளின் கூட்டுத்தொகையைக் கழித்தால் நிலுவை. அதை எங்கும் சேமிக்காதீர்கள். கேட்கும்போதெல்லாம் கணக்கிட்டுத் தரும் ஒரு வியூ எழுதிக்கொள்ளுங்கள்.

படி 7: நடக்கக் கூடாதவற்றை டேபிளிடமே ஒப்படையுங்கள்

"ஒருமுறை எடுத்த சீட்டு மறுபடி எடுக்க முடியாது": எடுப்பில் குழு எண், இலக்கம் இரண்டுக்கும் யூனிக். "ஒரு தவணைக்கு ஓர் எடுப்பு": குழு எண், தவணை எண் இரண்டும் பிரைமரி கீ. "கட்டும் தொகை பூஜ்யத்துக்கு மேல்": செக் கட்டுப்பாடு, அதாவது மதிப்பு ஒரு நிபந்தனைக்குள் இருக்கிறதா என்று பார்க்கும் விதி. கவுண்டரில் கேட்ட வாக்கியம் ஒவ்வொன்றும் இப்படி ஒரு கட்டுப்பாடாக மாறுகிறதா என்று பட்டியலை வைத்துத் தட்டிப் பாருங்கள்.

எல்லாமே மாறிவிடாது. "ரசீதின் தொகையும் அதன் ஒதுக்கீடுகளின் கூட்டும் சமம்" என்பது பல வரிகளைக் கூட்டிப் பார்க்க வேண்டிய விதி. சாதாரண செக்கில் அடங்காது. அதற்கு வரி மாறும்போது தானாக ஓடும் டிரிக்கரோ, ஒரே டிரான்சாக்ஷனுக்குள் (முழுதும் நடக்கும், அல்லது எதுவுமே நடக்காத செயல்தொகுதி) சரிபார்க்கும் நிரலோ வேண்டும். இப்படி டேபிளுக்கு வெளியே போன விதிகளைத் தனியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மாடலில் உண்டு, டேபிளில் இல்லை என்ற அந்தச் சிறு பட்டியலில்தான் நாளைய பிழைகள் பிறக்கும்.

கட்டுப்பாடு உண்மையில் வேலை செய்கிறதா என்றும் பாருங்கள். மைஎஸ்கியூஎல் 8.0.16-க்கு முந்தைய பதிப்புகள் செக்கை வாங்கிக்கொண்டு அமைதியாக விட்டுவிடும். எஸ்கியூலைட்டில் ஃபாரின் கீ சரிபார்ப்பு இயல்பாக அணைந்தே இருக்கும். ஒவ்வொரு இணைப்பிலும் நாம் இயக்க வேண்டும்.

படி 8: பௌதிக நிலை

பணத்துக்குத் தோராயமாகச் சேமிக்கும் ஃப்ளோட் டைப் வேண்டாம், துல்லியமாகச் சேமிக்கும் நியூமெரிக் அல்லது டெசிமல். இருமக் கணக்கில் 0.1-ஐக்கூடத் துல்லியமாக எழுத முடியாது. போஸ்ட்கிரெஸ் ஃபாரின் கீ நெடுவரிசைக்குத் தானாக இண்டெக்ஸ் போடாது, மைஎஸ்கியூஎல்லின் சேமிப்புப் பகுதியான இன்னோடிபி போடும். வேகம் பற்றிய கவலைகளை இந்தப் படிக்கு முன்னால் கொண்டுவராதீர்கள்; ஜாயின் (டேபிள்களை இணைத்துப் படிப்பது) குறையட்டும் என்று மாடலை வளைத்தவர்கள் பிறகு அதை நிமிர்த்தப் பட்ட பாட்டைப் பார்த்திருக்கிறேன்.

படி 9: வாக்கியங்களைத் திரும்பப் படித்துக் காட்டுங்கள்

எட்டு வாக்கியங்களையும் அச்செடுத்து அதே கவுண்டரில் இருந்த அக்காவிடம் படித்துக் காட்டினேன். எடுப்பு வாக்கியத்தில் நிறுத்தினார். "தம்பி, முதல் மாசம் யாரும் தள்ளிக் கேக்க மாட்டாங்களே. அது கம்பெனிச் சீட்டு. முழுசா எடுத்துக்குவாங்க. சில மாசம் ஒரே தொகைக்கு ரெண்டு பேர் நின்னா குலுக்கல் போடுவோம்."

எடுப்பு என்றால் ஏலம் என்றே நான் எண்ணியிருந்தேன். வாக்கியத்தில் ஓர் இடைவெளி கூடியது: "___ முறையில்" எடுக்கப்பட்டது, ஏலம், குலுக்கல், கம்பெனி என்று மூன்றே மதிப்புகள். முறை கம்பெனி என்றால் தள்ளிய தொகை பூஜ்யம் என்று ஒரு செக்கும் சேர்ந்தது. டேபிள்களில் நிஜத் தரவு ஏறுவதற்கு முன்பே இது தெரிந்தது, அரை மணி நேர வேலையாக முடிந்தது.

பிறகு பழைய பாஸ்புக்குகளை எடுத்துவைத்து நிஜ வரிகளை ஏற்றினோம். முதலில் அந்த அம்மாவுடையது. ஆளில் ஒரு வரி, உண்மையான கைபேசி எண்ணோடு. சீட்டில் இரண்டு, உரிமையில் இரண்டு. ஏழாம் தவணைக்கு அந்த ஒரு சீட்டில் ஒதுக்கீட்டில் இரண்டு வரிகள்: 2,500, பத்து நாள் கழித்து 1,500. நிலுவை வியூவை ஓட்டினோம். கட்ட வேண்டியது 4,000, கட்டியது 4,000, நிலுவை 0. அக்கா பாஸ்புக்கைப் பார்த்து டிக் போட்டுவிட்டு அடுத்த பாஸ்புக்கை எடுத்தார்.